முப்பத்தொரு இஞ்ச்

சனிக்கிழமை காலை, பீப்பாய் அடுப்புக்குள் பாதி உடம்பை விட்டுச் சாம்பலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் டேப்பு அக்கா. அந்த வீட்டில் அது அவள் வேலை. கறி சுடுவது எல்லாருக்கும் பிடிக்கும், சாப்பிடுவது அதைவிடப் பிடிக்கும். சாம்பல் அள்ளும் நேரத்தில் மட்டும் வீட்டில் ஒரு ஈ காக்கை இருக்காது. கணவர் வேனைத் துடைக்கப் போய்விடுவார். தலைக்குக் குளிக்க வேண்டும் என்று மகளுக்கு அப்போதுதான் ஞாபகம் வரும்.

காம்பு உடைந்த கரண்டியால் அடியில் ஒட்டியிருந்த கட்டியை நெம்பினாள். கட்டி வரவில்லை, அடித்தகடு வந்தது. கரண்டி ஓட்டை வழியாக விழுந்து தரைக்கல்லில் டங்கென்றது. பீப்பாய்க்குள் குனிந்து பார்த்தால் அவளுடைய செருப்பு தெரிந்தது.

"ஏங்க, பீப்பாய் போச்சு."

வேன் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எங்க போச்சு?"

"மேல போச்சு. வந்து பாருங்க."

கணவர் ஈரத்துணியோடு வந்து ஓட்டையைப் பார்த்தார். பதினான்கு வருடங்களுக்கு முன் எண்ணெய்ப் பீப்பாயைப் படுக்கவைத்துப் பாதியாக அறுத்து, கையில் கிடைத்த இரும்புக் கால்களை ஒட்டவைத்து அவரே செய்தது. "நல்லாத்தான் உழைச்சுது" என்று, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். "தம்பிகிட்ட சொல்லி செங்கல்லுல ஒண்ணு கட்டிடலாம். நிரந்தரமா இருக்கும்."

கணவரின் தம்பி கொத்தனார். அந்த வீட்டைக் கட்டியதும் அவர்தான். 'நிரந்தரமா' என்ற சொல் அக்காவின் காதில் ஈ புகுந்த மாதிரி நின்றுவிட்டது. அவர் நிரந்தரமாகக் கட்டிக்கொடுத்த ஒன்றோடு பத்தொன்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் அவள்.

அக்கா தையல்காரி. முன்னறையில் இரண்டு மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பேப்பர் அளவுகள். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப்பு கிடப்பதால் தெருவில் அந்தப் பெயர். ஒருமுறை பல் டாக்டரிடம் அதோடே போய் உட்கார்ந்துவிட்டாள். நர்சுகளுக்கு, ஓட்டல் பணியாளர்களுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று சீருடை தைத்துத் தைத்து ஒன்றை நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தாள்: ஒரே வயது, ஒரே எடை, ஒரே உயரம் உள்ள இரண்டு பேருக்குக்கூட ஒரே தோள் கிடையாது. "ஸ்டாண்டர்ட் சைஸ்னு ஒரு ஆளை எங்கயாவது பார்த்தா சொல்லுங்க, நான் பஸ் ஏறிப் போய் அளவெடுத்துட்டு வர்றேன்" என்பாள்.

அவளுடைய உயரம் நான்கு அடி பத்து இஞ்ச். அவளுடைய சமையல் மேடையின் உயரம் முப்பத்தாறு இஞ்ச்.

அந்த வீடு கொழுந்தன் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. மீசையும் புதிது, ரசமட்டமும் புதிது. மேடைக்குக் கான்கிரீட் கொட்டப் பலகை அடித்த அன்று அக்கா உள்ளே போய் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இது எனக்கு உயரமா இருக்கும்போல" என்றாள். அவர் திரும்பாமலே, "எல்லா வீட்லயும் முப்பத்தாறுதான் அண்ணி. நின்னு பழகினா சரியாயிடும்" என்றார். மறுநாள் கலவை கொட்டுவதற்கு முன் இன்னொரு தடவை சொன்னாள். "கவலைப்படாதீங்க, வளர்ந்துடுவீங்க" என்றார். வேலையாட்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், புதுவீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாதே என்று.

அவள் வளரவில்லை. குடிவந்த மறுநாள், மெஷின் வந்த மரப்பெட்டியை உடைத்து ஐந்து இஞ்ச் உயரத்தில் ஒரு பலகை செய்து அடுப்புக்கு முன்னால் போட்டாள். கிளற ஏறு, கழுவ இறங்கு, தாளிக்க ஏறு, உப்புக்கு இறங்கு. வீட்டில் அந்தப் பலகையில் கால் விரலை இடித்துக்கொள்ளாதவர் இல்லை. கொழுந்தனே தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் இடித்துக்கொண்டு, "யார் அண்ணி இதைக் குறுக்கால போட்டது? தூக்கிக் கடாசுங்க" என்பார். மேடைமேல் அடுப்பும் பாத்திரமும் ஏறியதால் பலகை பாதி வேலையைத்தான் செய்தது. மீதியை வலது தோள் செய்தது. சாயங்காலமானால் அதற்கு எண்ணெய் தேய்க்க வேண்டும்.

பீப்பாய் மட்டும் அப்படி இல்லை. இரும்புக் கால் குட்டையாகக் கிடைத்ததால் அதுவும் குட்டை. மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். அக்கா மணிக்கணக்கில் நின்று கறியையும் சோளத்தையும் புரட்டுவாள், தோள் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. அந்த வீட்டில் அவள் உயரத்துக்கு எரிந்த நெருப்பு அது ஒன்றுதான். அது ஓட்டையாகிவிட்டது. அடுத்ததும் முப்பத்தாறில் எழும்பினால், வெளியேயும் ஒரு பலகை போட்டுக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தார். வந்ததும் உடைந்த செங்கல் துண்டால் பின்தளத்தில் கோடு போட ஆரம்பித்தார். "சமையலறை ஜன்னல் பக்கமா நிக்கட்டும். பின்னால புகைக்கூண்டு, ரெண்டு பக்கமும் கிரானைட். சும்மா ஓட்டல் மாதிரி இருக்கும்."

"அஞ்சு நாள் பொறுங்க தம்பி," என்றாள் அக்கா. "நான் அளவு வரைஞ்சு தர்றேன்."

"அளவா? அண்ணி, இது அடுப்பு, ஜாக்கெட் இல்ல."

"ஜாக்கெட்னாலும் பரவாயில்ல, தப்பானா பிரிச்சுத் தைப்பேன். இது நிரந்தரமாம், உங்க அண்ணன் சொல்றார்."

அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

ஐந்து நாளும் அக்கா மெஷினுக்கு இடையில் அடுப்பு வேலை பார்த்தாள். தளத்தின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, நுனியில் ஒரு முழம் சிவப்பு நூல் கட்டினாள். காற்று எப்படி வீசினாலும் ஜன்னல் மூலையின் நூல் சமையலறைப் பக்கமே பறந்தது. அங்கே கட்டினால் புகை முழுக்க வீட்டுக்குள். எதிர்மூலை நூல் வேலியைத் தாண்டிப் பறந்தது. அந்த மூலைதான். அங்கே நின்றால் முகம் மனிதர்களைப் பார்த்து இருக்கும் என்பதும் ஒரு சௌகரியம்.

பிறகு மகளை அழைத்துத் தன்னை அளக்கச் சொன்னாள். மகள் அப்பாவைப்போல் நெட்டை.

"செருப்போடவா, செருப்பில்லாமலா?"

"செருப்போட. நெருப்பு முன்னால வெறுங்கால்லயா நிப்பேன்? கையை மடக்கிக்கிறேன், முழங்கை எங்க இருக்குன்னு பாரு."

"முப்பத்தாறே கால்." மகள் டேப்பைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள். "முழங்கையே அவ்வளவுதானா? அப்போ நம்ம சமையல் மேடை..."

"அதை யாரும் அளக்கச் சொல்லல. இதை எழுது."

முழங்கைக்கு ஐந்து இஞ்ச் கீழே கை வேலை செய்தால் தோள் தூங்கும். செத்துப்போன பீப்பாய்க்கு முன் நின்று, இடுக்கியைப் பிடித்து, இல்லாத கறியைப் புரட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்று. துணிக்கட்டு வந்த மரச்சட்டம் ஒன்றை அந்த அளவுக்கு அறுத்து வைத்துக்கொண்டாள்.

கணவர் அந்த வாரம் தன் பங்குக்கு ஒன்று செய்தார். அவர் சாமான் ஏற்றிப்போகும் ஓட்டலில் சமையலறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். கழித்துப்போட்ட எவர்சில்வர் கிரில் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வேனில் போட்டுக்கொண்டு வந்தார். சுண்டுவிரல் கனத்தில் கம்பிகள். கடையில் தேடினாலும் கிடைக்காத சாமான். அகலம் இருபத்து மூன்றரை. அக்கா மூன்று தடவை அளந்தாள். "இதுதான் உடம்பு. உடம்பை வெட்ட முடியாது. துணியைத்தான் அதுக்கு வெட்டணும்" என்று சொல்லிக்கொண்டாள்.

தட்டு தாராளமாக உட்கார, சுவருக்குச் சுவர் இருபத்து நான்கு. ஒன்பது பிரவுன் பேப்பர்களை ஒட்டி, நெருப்புக் குழியை முழு அளவில் வரைந்து, பெரிய கத்தரிக்கோலால் வெட்டினாள். முப்பது வருடமாக வெட்டுகிற கை, சறுக்கிக்கொண்டு போனது.

அடுத்த சனிக்கிழமை கொழுந்தன் அந்தப் பேப்பரைத் தளத்தில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, இடுப்பில் கை ஊன்றி நின்றார். "இருபது வருஷமா கட்றேன். பேப்பரைச் சுத்தி செங்கல் வைக்கிறது இதுதான் முதல் தடவை."

"வெச்சுப் பாருங்க. கையை ஒண்ணும் கடிக்காது."

"வைக்கிறேன். ஆனா உயரம் முப்பத்தொண்ணுனு எழுதியிருக்கீங்களே, எந்த ஊர் கணக்கு இது? முப்பத்தாறுதான்..."

"எல்லா வீட்லயும். தெரியும் தம்பி. இந்த அடுப்பு எல்லா வீட்லயும் இருக்கப்போறதில்ல. இங்க மட்டும்தான்."

கட்டினார். வாய் ஆயிரம் பேசினாலும் அவர் கை சுத்தமான கை. ஒவ்வொரு வரிக்கும் ரசமட்டம் வைத்து, கலவை வழிந்தால் உடனே வழித்து, மூலைகளைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, செங்கல் சீராக ஏறியது. தட்டை வைக்க இரண்டு பக்கமும் ஒரு வரிசைச் செங்கலை ஒரு இஞ்ச் உள்ளே நீட்டிவிட்டார். செங்கல் வரிக் கணக்கில் அது சட்டத்துக்கு இரண்டு இஞ்ச் தாழ்வாக வந்தது; தட்டை வைக்கும்போது கலவை கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம் என்றார். வரிக்கு ஒருமுறை அக்கா முன்னறையிலிருந்து எழுந்து வந்து மரச்சட்டத்தை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவாள்.

"என்ன அண்ணி, நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு. உங்க பழக்கத்து மேல இல்ல."

ஞாயிறு மதியம் சுவர் எழும்பி நின்றது. கலவை இறுகட்டும் என்று மூன்று நாள் விட்டார்கள். புதன்கிழமை மாலை வெயில் இருக்கும்போதே கணவர் தட்டைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திவந்து உள்ளே இறக்கினார். அது நிற்கவே இல்லை. நீட்டிவிட்ட செங்கல்களுக்கு நடுவே நேராக இறங்கி அடியில் போய்ப் படாரென்று விழுந்தது.

அக்கா கழுத்திலிருந்து டேப்பை உருவி அளந்தாள். சுவருக்குச் சுவர் இருபத்தேழு.

கொழுந்தன் பாய்ந்தார். "நான் பேப்பர் ஓரத்தோட ஒட்டித்தான் வெச்சேன். ஒரு நூல் தள்ளல."

அக்கா பேப்பரை எடுத்துவரச் சொன்னாள். விரித்ததும் தெரிந்துவிட்டது. ஓரத்திலிருந்து ஒன்றரை இஞ்ச் உள்ளே, சுற்றிலும் புள்ளிப்புள்ளியாக இன்னொரு கோடு. அதுதான் தையல் கோடு. அதற்கு வெளியே இருப்பது, பின்னால் உடம்பு வைத்தால் பிரித்துவிடுவதற்காக உள்ளே விடுகிற துணி. யாருக்கு எது தைத்தாலும் அவள் விடுவது. கேட்காமலே விடுவாள் என்பதற்காகவே நர்சுகள் அவளைத் தேடி வருவார்கள். கை தன்போக்கில் செங்கல்லுக்கும் விட்டிருந்தது.

அதை விளக்கி முடிப்பதற்குள் கொழுந்தன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "செங்கல்லுக்கா அண்ணி? அடுத்த வருஷம் அடுப்பு உடம்பு வைக்கும்னா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் திரும்பி நின்றார்; அவர் முதுகு குலுங்கியது.

அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது சொன்னதைக் கேட்டு அது நின்றுவிட்டது. "சரி, விடுங்க. நாளைக்கு உடைச்சிடறேன். ரெண்டு மணி நேர வேலை. ஆனா இந்தத் தடவை அளவு என்னோடது. முப்பத்தாறு வெச்சு, எல்லாரும் கட்ற மாதிரி கட்டிடறேன்."

"ஆமாம்மா, அவன் தொழில்காரன்," என்றார் கணவர். "அவன் கையில விட்டுடு."

"அகலத்துல தப்பு என்னோடது," என்றாள் அக்கா. "ஒத்துக்கறேன். உயரத்துல தப்பு இல்ல. ஒரு செங்கல்லையும் தொடாதீங்க. நாளை சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"தட்டுக்கு ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை வேணா வெல்டு வைக்கலாம்."

"பட்டை சூட்டுல வளையும். உங்க அண்ணன் ஒண்ணே ஒண்ணு உருப்படியா கொண்டுவந்திருக்கார், அதைக் கெடுக்க வேண்டாம்."

மறுநாள் காலை மெஷினைத் திறக்காமல் பின்தளத்துக்குப் போனாள். அடுப்புக்கு முன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, குழியைப் பார்த்தாள். தைத்தது தொளதொளவென்று இருந்தால் என்ன செய்வாள்? கிழித்துப் போடமாட்டாள். பிடித்துத் தைப்பாள். பிடிக்க முடியாத கனத்த துணி என்றால், கம்பளிக் கோட்டு மாதிரி, உள்ளே லைனிங் கொடுப்பாள்.

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டடச் சாமான் கடைக்கு நடந்தாள்.

"சூடு தாங்குற செங்கல் இருக்கா? மெல்லிசா?"

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். வெளுத்த மஞ்சள் நிறம், பிஸ்கட் மாதிரி தட்டையாக. "ஃபயர் பிரிக். நெருப்பு படுற இடத்துல இதைத்தான் உள்பக்கமா ஒட்டணும். சாதா செங்கல் மேல நேரா கரி போட்டா ஒரு வருஷத்துல வெடிச்சு உதிரும்."

அக்கா கழுத்து டேப்பால் கனத்தை அளந்தாள். ஒன்றேகால். "இதை ஒட்டக் கலவை எவ்வளவு கனம் வரும்?"

"இதுக்குன்னு தனி மண் கலவை இருக்கு. கால் இஞ்ச் வரும்."

ஒன்றேகாலும் காலும் ஒன்றரை. அக்கா கடைக்காரர் முன்னாலேயே சிரித்துவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. கச்சிதமா உட்காருது."

சாயங்காலம் கொழுந்தன் கடப்பாரையோடு வந்தார். சுவரோரம் மஞ்சள் கற்கள் அடுக்கியிருந்தன. குழிக்குள் அதே கனத்தில் மடித்த அட்டைகளை அக்கா சுற்றிலும் நிறுத்தியிருந்தாள். தட்டு உட்கார வேண்டிய இடத்தில், நீட்டிவிட்ட செங்கல் மேல் மட்டும், அட்டையைப் படுக்கவைத்து, மற்ற அட்டைகளைவிட ஒரு இஞ்ச் குழிப்பக்கமாக நீட்டியிருந்தாள். அதன்மேல் தட்டு அலுங்காமல் உட்கார்ந்திருந்தது.

"இது ட்ரையல்," என்றாள். "அட்டை இருக்கிற இடத்துல எல்லாம் கல்லை வெச்சுடுங்க. ஒரு அட்டைக்கு ஒரு கல். எண்ணித்தான் வாங்கியிருக்கேன்."

கொழுந்தன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். உள்ளே கையை விட்டு ஒவ்வொரு மூலையாகத் தடவினார். அட்டையைத் தட்டினார். ரசமட்டத்தை எடுத்துத் தட்டின் மேல் வைத்தார். குமிழி நடுவில் போய் நின்றது.

"ஒண்ணரை இஞ்ச் விட்டது நான் பண்ணின கோளாறு," என்றாள் அக்கா. "லைனிங் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லாம சாதா செங்கல்லையே வெச்சுக் கட்டினது யாரு?"

கொழுந்தன் பிடரியைச் சொறிந்தார். "கடைக்காரன் பத்த வெச்சுட்டானா?"

"அவர் ஒண்ணும் பத்த வைக்கல. நீங்க கல்லை வெச்சீங்கன்னா நான் அடுப்பைப் பத்த வைப்பேன்."

வெள்ளி, சனி இரண்டு நாளும் வேலைவிட்டு வந்து, வெளிச்சம் போவதற்குள் கல் ஒட்டி முடித்தார். பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அக்கா கேட்காமலே அவரே மரச்சட்டத்தை எடுத்து நிறுத்திப் பார்த்தார். தட்டின் மேல்விளிம்பு சட்டத்தின் நுனியோடு நின்றது. "முப்பத்தொண்ணு" என்று சொல்லி, சட்டத்தை அவளிடம் நீட்டினார்.

ஒரு வாரம் காய்ந்தது. அடுத்த மூன்று நாள் சின்னச் சின்னதாகச் சுள்ளி எரித்து, உள்ளிருந்த ஈரத்தை அக்கா வெளியே எடுத்தாள். எங்கும் ஒரு கீறல் விழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தன் குடும்பத்தோடு வந்தார். தளத்தில் நாற்காலிகள் போட்டிருந்தன. அக்கா எல்லாரையும் பார்த்து நின்று முதல் தட்டுக் கோழியைச் சுட்டாள். புகை நூல் காட்டிய பக்கமாக வேலியைத் தாண்டிப் போயிற்று. கொழுந்தனின் மனைவி, "அக்கா, நீங்க வேலை செய்யற மாதிரியே தெரியல, பேச வந்த மாதிரி இருக்கு" என்றாள். அக்காவுக்கு அந்தப் பேச்சு கறியைவிட ருசியாக இருந்தது.

இரண்டாவது தட்டுக்கு மசாலா தடவ உள்ளே போக வேண்டியிருந்தது. இடுக்கியைக் கொழுந்தன் கையில் கொடுத்தாள். "சோளத்தைப் போட்டிருக்கேன். கருகாம பார்த்துக்குங்க தம்பி."

கால் மணி நேரத்தில் அவர் சமையலறைக்குள் வந்தார். ஒரு கை இடுப்பில். "என்ன அண்ணி இது, நாய்க்குட்டிக்குச் சோறு வைக்கிற மாதிரி குனிய வேண்டியிருக்கு! இடுப்பு கழண்டுடுச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட இடுக்கியைக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"நின்னு பழகினா சரியாயிடும்," என்றாள் அக்கா, திரும்பாமல்.

அவர் பெரிதாகச் சிரித்தார். தண்ணீர் எடுக்க நடந்தவர் வழக்கம்போல் பலகையில் கால் விரலை இடித்துக்கொண்டார். திட்டுவதற்காகக் குனிந்தவர் திட்டவில்லை. அக்கா அதன்மேல் நின்றிருந்தாள். மரத்தில் இரண்டு பாதம் அளவுக்குக் குழி விழுந்து, வழவழவென்று ஆகியிருந்தது. அவர் பார்வை அங்கிருந்து ஏறி மேடைக்குப் போயிற்று. மேடையில் தட்டு, தட்டில் கோழித் துண்டுகள், அவற்றைப் புரட்டும் கை, பத்தொன்பது வருடப் பழக்கத்தில் காதுவரை தூக்கியிருந்த வலது தோள். கட்டடத்தைப் பார்க்கிற கண்ணால் பார்த்தார். உட்கார்ந்து, பலகையின் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது எவ்வளவு, அஞ்சா?"

"அஞ்சு."

"நீங்களா செஞ்சீங்க?"

"பின்ன யார் செய்வா?"

"எப்போ?"

"குடிவந்த மறுநாள்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே கணவர் சோளம் கருகுகிறது என்று யாரையோ கூப்பிட்டார். கொழுந்தன் எழுந்து நின்று, மேடையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தார். தான் கட்டியதை முதல் தடவையாகத் தொடுவதுபோல் நீளவாக்கில் ஒருமுறை தடவினார்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். பலகையிலிருந்து இறங்கினாள். கோழித்தட்டை இரண்டு கையாலும் தூக்கி, பின்கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.